கடலுக்குள் போட ஒரு சட்டை

மூன்றாம் ஆண்டு மாணவி, மெக்கானிக்கல் பிரிவு



மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "கடலுக்குள் மூழ்குகிறவர்கள் போடும் உடையைப் பற்றி எழுதுகிறேன்" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். "ஆலங்குடிக்காரிக்கு ஏதுடி கடல்?" என்று ஒருத்தி கேட்டாள். நியாயமான கேள்விதான். எங்கள் ஊரில் ஆழமான தண்ணீர் என்றால் கிணறு. அதுவும் போர் போட்டுப் போட்டு அடியில் போய்விட்டது. கடலைப் பார்க்க அறந்தாங்கி போய், அங்கே பஸ் மாறி, மணமேல்குடிக்கோ கோட்டைப்பட்டினத்துக்கோ போக வேண்டும். நம் புதுக்கோட்டை மாவட்டத்துக்கும் கடற்கரை உண்டு என்பதே நம்மில் பாதிப் பேருக்கு ஞாபகம் இருப்பதில்லை. 2022-ல் பாக் விரிகுடாவில் அரசு கடற்பசு பாதுகாப்பகம் அறிவித்தபோது, தஞ்சாவூர் மாவட்டக் கடலோடு நம் மாவட்டக் கடலும் அதில் சேர்ந்தது.

எனக்கு இந்த விஷயத்தில் ஆர்வம் வந்ததற்குக் காரணம் விடுதியில் என் அறைத்தோழி. பாம்பன் பக்கத்துக் கடலோர ஊர்க்காரி. அவளுடைய அம்மா கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறவர். போன செமஸ்டர் லீவில் நாலு நாள் அவள் வீட்டில் இருந்தேன்.

டி.வி.யில் ஸ்கூபா டைவிங் பார்த்திருப்பீர்கள். முதுகில் காற்று சிலிண்டர், வாயில் குழாய், காலில் வாத்துக்கால் மாதிரி துடுப்பு, உடம்போடு ஒட்டிய கருப்பு உடை. அந்தக் கருப்பு உடைக்கு வெட்சூட் என்று பெயர். பாண்டிச்சேரியிலும் அந்தமானிலும் சுற்றுலா வருகிறவர்கள் அதை வாடகைக்கு மாட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் கடலைப் பார்த்துவிட்டு ஏறிவிடுகிறார்கள். பாசிக்காரப் பெண்களோ ஒரு நாளைக்கு ஆறு, ஏழு மணி நேரம் தண்ணீரில் கிடக்கிறார்கள். சிலிண்டர் கிடையாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள், கிள்ளுவார்கள், ஏறுவார்கள், மறுபடி இறங்குவார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை என்று அவர்கள் எடுக்கும் பாசியிலிருந்துதான் அகர் மாதிரிப் பொருள்கள் செய்கிறார்கள். நம் லேப்பில் பார்க்கும் அகரும் ஐஸ்கிரீமைக் கட்டியாக்கும் பொருளும் இந்த வகையறாதான்.

விடியற்காலையில் அவர்கள் கடலுக்குக் கிளம்பத் தயாராவதைப் பார்த்தேன். புடவையைக் கால்களுக்கு நடுவே இழுத்துப் பின்னால் சொருகிக்கொள்கிறார்கள். அதற்கு மேலே ஓர் ஆம்பளை முழுக்கைச் சட்டை, அல்லது ஏதோ கட்சி மாநாட்டில் கொடுத்த டி-சர்ட். தலையில் இறுக்கமாகத் துணி. கண்ணுக்குத் தண்ணீர் புகாத கண்ணாடி. விரல்களில் கிழிந்த துணியைப் பட்டை பட்டையாகச் சுற்றுகிறார்கள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இரண்டு சுற்று அதிகம். அதற்கு மேலே ஆஸ்பத்திரியில் போடுவது போன்ற ரப்பர் கையுறை. காலில் ரப்பர் செருப்போடு சேர்த்து அலுமினியத் தகட்டைக் கட்டிக்கொள்கிறார்கள். அதுதான் துடுப்பு. ஐந்து பேர், ஐந்து விதமான டிசைன். அத்தனையும் அவர்களே கண்டுபிடித்தது.

அந்த முழுக்கைச் சட்டையைப் பார்த்ததும் எனக்கு எங்கம்மா ஞாபகம்தான் வந்தது. கதிர் அறுக்கப் போகும்போதும், கடலை பிடுங்கப் போகும்போதும், பூ எடுக்கப் போகும்போதும் அம்மா அப்பாவின் பழைய சட்டையைத்தான் புடவைக்கு மேலே மாட்டிக்கொண்டு போகும். வெயிலுக்கும் அதுதான், சுணைக்கும் அதுதான், பலாப்பழம் அறுக்கும்போது பால் ஒட்டாமல் இருக்கவும் அதுதான். கடலில் ஒரு மூலை, கரையில் ஒரு மூலை, உடுப்பு மட்டும் ஒன்றே! நம் நாட்டில் உழைக்கிற பெண்களின் பாதுகாப்பு உடை எது என்று யாராவது வைவாவில் கேட்டால், வீட்டு ஆம்பளை கழித்துப்போட்ட சட்டை என்று தைரியமாகச் சொல்லலாம்.

சரி, நம் கடல் வெதுவெதுப்பான கடல்தானே, அதில் இறங்க உடம்பை மூட வேண்டுமா? நானும் இதைத்தான் முதலில் கேட்டேன். தோழியின் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: "உள்ள கெடக்கையில ஒண்ணும் தெரியாது தாயி. வேலை முடிஞ்சு ஏறி வள்ளத்துல குந்துனோம்னா பல்லு கிட்டிப் போகும். மத்தியானம் பன்னெண்டு மணி வெயில்ல நடுங்கிக்கிட்டு வருவோம்."

இதற்குக் கணக்கு நம் பாடத்திலேயே இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் தண்ணீரின் வெப்பம் பெரும்பாலும் 26-லிருந்து 30 டிகிரி சொச்சம். நம் உடம்பு 37. வெப்பம் கூடுதலான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குத்தானே ஓடும்? காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 24 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்துகிறது. 28 டிகிரி அறையில் நமக்கு வியர்க்கும். அதே 28 டிகிரித் தண்ணீரில் மூன்று மணி நேரம் கிடந்தால் உடம்பு சூட்டை இழந்துகொண்டே இருக்கும். மேலே ஏறினாலும் விடுவதில்லை. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகப் போக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். சட்டை பிழியப் பிழிய நனைந்திருக்கிறது, கடல்காற்று அடிக்கிறது, அந்த வெப்பத்தை எங்கிருந்து எடுக்கும்? அதைப் போட்டிருக்கிறவரின் உடம்பிலிருந்துதான். பானைத் தண்ணீர் குளிரும் அதே வேலை முதுகில் நடக்கிறது.

இந்த இடத்தில் பருத்திக்கும் பாலியெஸ்டருக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும். சாதாரணக் காற்றில் வைத்தாலே பருத்தி தன் எடையில் 8.5 சதவீதம் ஈரத்தை உள்ளே இழுத்து வைத்திருக்கும். பாலியெஸ்டர் 0.4 சதவீதம்தான். அதனால்தான் பாலியெஸ்டர் புடவை சீக்கிரம் காய்கிறது, பருத்திச் சட்டை சாயங்காலம் வரை ஈரமாகவே தொங்குகிறது. "பருத்திதான் உடம்புக்கு நல்லது" என்று நாம் சொல்வதெல்லாம் கரைக்குத்தான் பொருந்தும்.

இனி வெட்சூட் சமாசாரம். அதை நியோபிரீன் என்ற செயற்கை ரப்பரில் செய்கிறார்கள். 1930-ல் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனியில் கண்டுபிடித்த ரப்பர் அது. அதை நுரையாக்கி, உள்ளே குட்டிக் குட்டியாக வாயுக் குமிழிகளை அடைத்து, அதில் முங்குகிறவர்களுக்கு உடை தைக்கலாம் என்று யோசித்தவர் ஹியூ பிராட்னர் என்ற கலிபோர்னியா பல்கலைக்கழக இயற்பியலாளர். வருஷம் 1951 வாக்கில். ஆச்சரியம் என்னவென்றால், இந்த உடை தண்ணீரைத் தடுப்பதே இல்லை. பெயரிலேயே இருக்கிறதே, நனையும் உடை என்று! உடம்புக்கும் ரப்பருக்கும் நடுவில் கொஞ்சம் தண்ணீர் புகத்தான் செய்யும். அந்தத் தண்ணீர்தான் சூடாகி நம்மைக் காக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். காப்பது தண்ணீர் அல்ல, ரப்பருக்குள் இருக்கிற குமிழிகள். பிராட்னர் பிடித்த விஷயமே அதுதான்.

குமிழி என்றதும் பாயில் விதி ஞாபகம் வருகிறதா? முதலாம் ஆண்டில் மனப்பாடம் செய்து எழுதினோமே, அழுத்தம் கூடினால் கனஅளவு குறையும் என்று. கடலில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்கு. குமிழி பாதியாகிவிடும். 20 மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு, 30 மீட்டரில் கால் பங்கு. ஆழம் போகப் போக உடை மெலிந்து, குளிரைத் தடுக்கும் சக்தியும் குறைகிறது. ஆழத்தில்தான் குளிர் அதிகம், அங்கேதான் உடை கைவிடுகிறது! அதனால் குளிர்நாட்டுக் கடலில் 7 மில்லிமீட்டர் தடிமன் வரை போடுகிறார்கள். நம்மைப் போன்ற வெப்பநாட்டுக் கடலில் 3 மில்லிமீட்டர் தாராளம். பலர் லைக்ரா துணியில் தைத்த மெல்லிய உடையோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

குமிழிக்கு இன்னொரு குணமும் உண்டு. அது மிதக்கும். ஸ்கூபா போகிறவர்கள் அதைச் சமாளிக்க இடுப்பில் ஈயக்கட்டி கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள். பாசி எடுக்கிறவரை நினைத்துப் பாருங்கள். இரண்டு ஆள் ஆழத்துக்கு மூச்சைப் பிடித்து இறங்க வேண்டும். உடை மேலே தூக்கும், அவர் கீழே உதைக்க வேண்டும். ஒரு தடவை என்றால் பரவாயில்லை. ஒரு நாளில் எத்தனை தடவை! உதைக்கிற ஒவ்வோர் உதைக்கும் மூச்சு செலவாகும். ஈயக்கட்டி கட்டினால் இறங்குவது சுலபம், பாசி மூட்டையோடு ஏறுவது கஷ்டம். ஆக, விலை உயர்ந்தது என்பதற்காக நியோபிரீன் உடையை வாங்கிக் கொடுத்தால் அது அவர்களுக்கு உபத்திரவம்தான். தோழியும் நானும் மொட்டை மாடியில் உட்கார்ந்து இதை ஒரு ராத்திரி முழுக்கப் பேசி, நியோபிரீனைக் கையுறையோடும் காலுறையோடும் நிறுத்திக்கொள்ளலாம் என்று முடிவு கட்டினோம்.

நம் கடலில் குளிர் இரண்டாவது எதிரிதான். முதல் எதிரி கீறல். பாசி வளர்வது பாறையிலும் செத்த பவளத்திலும். பவளத்தின் விளிம்பு ரம்பம் மாதிரி இருக்கும். தோழியின் அம்மா கையை விரித்துக் காட்டினார். விரல் நுனியில் ரேகையே இல்லை. "ரேசன் கடையில கைரேகை வெச்சா மிசினு ஒத்துக்கிடாது தாயி" என்றார். நான் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றேன். உள்ளங்காலில் கடல் முள்ளெலியின் முள் ஒடிந்து உள்ளேயே தங்கிய இடம் கருப்புப் புள்ளியாக இருந்தது. அந்த முள்ளுக்கு மெல்லிய உடையும் தடுப்பாகாது, 3 மில்லிமீட்டர் ரப்பரும் தடுப்பாகாது. தடித்த அடிப்பாகம் உள்ள காலுறைதான் ஓரளவுக்கு உதவும். மிச்சத்துக்குக் கண்தான் காவல்.

அடுத்தது சொறி. ஜெல்லி மீனைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பெயரே பொருத்தம். அதன் கைகளில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் சுருட்டி வைத்த ஊசி, பயங்கர அழுத்தத்தில். தோல் பட்டதும் தெறித்துக் குத்தும். நம் பாஷையில் சொன்னால், விடுபடக் காத்திருக்கும் ஸ்பிரிங். ஆனால் அந்த ஊசி ரொம்பக் குட்டை. தோலுக்கும் அதற்கும் நடுவே ஒரு மெல்லிய துணி இருந்தாலே போதும், பெரும்பாலும் எட்டாது. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து கடற்கரையில் ஆளைக் கொல்லக்கூடிய பெட்டிச் சொறி உண்டு. அங்கே கரையோர உயிர்காப்பாளர்கள், அத்தனை பெரிய தடியன்கள், பெண்கள் காலில் போடும் நைலான் நீள உறையை மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்களாம்! பிறகுதான் அதற்கென்று லைக்ராவில் உடம்பு முழுதும் மூடும் உடை வந்தது. இந்த விஷயத்தில் தடிமன் முக்கியமில்லை. மூடியிருப்பதுதான் முக்கியம். கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால் மூன்றிலும் இடைவெளி இருக்கக் கூடாது. தொளதொள சட்டையில் காலர் வழியாகச் சொறி உள்ளே போய்விட்டால் அப்புறம் வெளியே வராது, சட்டையோடு சேர்ந்து தேய்க்கும்.

வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பாசிக்காரர்கள் முகம் கீழே, முதுகு மேலே என்று மிதப்பவர்கள். பிடரியும் முதுகும் நாள் முழுக்கச் சூரியனுக்கு நேராக இருக்கும். சாதாரண வெள்ளைப் பருத்தி பனியன் சூரியனின் புறஊதாக் கதிரில் ஏழில் ஒரு பங்கை உள்ளே விடும். நனைந்தால் மூன்றில் ஒரு பங்கு. அதற்கென்றே நெய்த நைலான், பாலியெஸ்டர் உடைகள் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் விடுவதில்லை. சுற்றுலாக்காரர்கள் பூசிக்கொள்ளும் சில வெயில் களிம்புகள் பவளத்துக்கு ஆகாது என்று பலாவ் நாடு 2020-லும் ஹவாய் 2021-லும் தடை கொண்டுவந்தன. களிம்பைவிடத் துணி மேல் என்று கடல் பக்கத்திலிருந்தும் ஒரு ஓட்டு விழுந்துவிட்டது.

இப்போது புடவைக்கு வருகிறேன். இதைப் பற்றி எழுதத்தான் முக்கியமாக உட்கார்ந்தேன்.

நம் வொர்க்ஷாப்பில் முதல் நாள் என்ன சொன்னார்கள்? துப்பட்டா கூடாது. பின்னலைச் சுருட்டிக் கட்டு. காக்கிக் கோட்டின் கைப்பொத்தானைப் போடு. சுற்றுகிற லேத்தில் ஒரு நூல் மாட்டினால் போதும், ஆளையே இழுத்துவிடும். கடலுக்குள் புடவை முந்தானையும் அப்படித்தான். பவளத்தில் மாட்டும், படகின் கயிற்றில் மாட்டும், இன்னொருத்தர் காலில் சுற்றும். மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கும்போது மாட்டினால் அவிழ்த்துவிட எத்தனை நொடி கிடைக்கும்? மாட்டாவிட்டாலும் ஆறு கஜம் துணி தண்ணீரை இழுத்துக்கொண்டு கூடவே வருகிறது. காலையில் இருந்து சாயங்காலம் வரை பாய்மரத்தை இழுத்துக்கொண்டு நீந்துவது மாதிரி.

1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. ஓடும் இயந்திரத்தின் அருகில் போய் வேலை செய்கிறவர் இறுக்கமான உடை போட்டிருக்க வேண்டும், அந்த உடையை ஆலை நடத்துகிறவர் கொடுக்க வேண்டும் என்று. அதே பிரிவில் அந்த வேலைக்கு ஆண் தொழிலாளி மட்டும்தான் என்றும் எழுதியிருந்தார்கள். எனக்கு அதைப் படித்ததும் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. இறுக்கமான உடை என்றாலே ஆண் என்று முடிவு கட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. சரி, கடலில் இறங்கும் பெண்ணுக்கு உடை கொடுக்க வேண்டியவர் யார்? கடலுக்கு முதலாளி உண்டா? பாசியைக் கிலோ கணக்கில் வாங்குகிறவர் இருக்கிறார், அவ்வளவுதான்.

உலகத்தில் மற்ற இடங்களிலும் மூச்சைப் பிடித்து மூழ்கும் பெண்கள் உண்டு. ஜப்பானில் ஆமா என்பார்கள். வெள்ளைப் பருத்தி உடுப்பில் முங்கியவர்கள், 1960-களுக்குப் பிறகு ரப்பர் உடைக்கு மாறினார்கள். சில ஊர்களில் மாறத் தயங்கினார்களாம். குளிராவிட்டால் அதிக நேரம் முங்குவோம், அதிகம் எடுத்தால் கடல் வறண்டுவிடும் என்று! கொரியாவின் ஜேஜு தீவில் ஹேன்யோ என்ற பெண்கள் 1970-களில் பருத்தியிலிருந்து ரப்பருக்கு மாறினார்கள். அதனால் நாள் முழுக்க வேலை செய்ய முடிந்தது, கூடவே தலைவலியும் அசதியும் அதிகமானது. அவர்களின் கலாசாரத்தை 2016-ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

நம் பக்கத்திலோ முத்துக்குளிப்பு ஆண்கள் தொழிலாக இருந்தது. அரையில் ஒரு துண்டு, காலடியில் ஒரு கல், இடுப்பில் ஒரு பை. அவ்வளவுதான் உடை. சுறா கிட்டே வராமல் மந்திரம் போட ஆள் வைத்திருந்தார்கள். பிடித்ததில் இருபதில் ஒரு பங்கு அந்த மந்திரக்காரருக்கு என்று மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். மந்திரத்துக்குப் பங்கு ஒதுக்கிய காலத்திலும் உடைக்கு யாரும் ஒதுக்கவில்லை.

பாசிக்காரப் பெண்களை வெறும் பரிதாபத்துக்குரியவர்களாக நினைத்துவிடாதீர்கள். மாதத்தில் 12 நாள் மட்டும்தான் எடுப்பது, மற்ற நாளில் பாசியை வளர விடுவது என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். இந்தப் பெண்களை ஒன்று திரட்டிய சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது. அவரும் பள்ளிக்கூடத்தில் நிறையப் படித்தவர் அல்ல.

ஊருக்குத் திரும்பியதும் தோழியும் நானும் ஒரு வேலை செய்தோம். புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் வரும் 1000 ரூபாயில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, நீச்சலுக்குப் போடும் முழுக்கைச் சட்டை ஒன்று வாங்கினோம். நைலானும் லைக்ராவும் கலந்தது, கருநீலம், விலை 650. அதோடு சிமெண்ட் கடையில் கிடைக்குமே, உள்ளங்கையில் ரப்பர் பூசிய நூல் கையுறை, அது இரண்டு ஜோடி. சுற்றுலா போகிறவர்கள் கையுறை போடக் கூடாது என்று பல நாடுகளின் கடல் பூங்காக்களில் விதி வைத்திருக்கிறார்கள். கையுறை இருந்தால் பவளத்தைத் தைரியமாகத் தொடுவார்களாம். விளையாடப் போகிறவர்களுக்கு அது சரிதான். பிழைக்கப் போகிறவருக்கு முதல் தேவையே கையுறைதான்.

தோழியின் அம்மா சட்டையைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தார். "என்னடி இது, உரிச்ச கோழி மாதிரி இருக்கு! இதப் போட்டுக்கிட்டு கரையில நடக்கச் சொல்றியா?" என்றார். பக்கத்து வீட்டு அக்காக்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். ஆளுக்கு ஒரு கிண்டல். கடைசியில் அவரே வழி கண்டுபிடித்தார். ரவிக்கைக்குப் பதிலாக அதைப் போட்டு மேலே புடவை. கரையில் அதற்கு மேலே வழக்கமான ஆம்பளைச் சட்டை. படகு தள்ளிப் போனதும் ஆம்பளைச் சட்டையைக் கழற்றிப் படகில் போட்டுவிட்டு, காய்ந்தபடி வைத்திருந்து, வேலை முடிந்து ஏறியதும் காய்ந்த சட்டையை மேலே மாட்டிக்கொள்வது. பாருங்கள், ஆவியாதல் பற்றி நான் மேலே எழுதிய அத்தனை கணக்குக்கும் விடை இதில் வந்துவிட்டது. காற்று ஈரத்தில் படாது, உடம்பு சூடு போகாது.

புடவையை விடச் சொல்லி நாங்கள் கேட்கவும் இல்லை, அவர் விடுவதாகவும் இல்லை. ஆனால் தோழியின் தங்கை தன்னுடைய பழைய லெக்கின்ஸ் ஒன்றைக் கொடுத்தாள். அதை உள்ளே போட்டுக்கொண்டு புடவையை முழங்காலுக்கு மேலே ஏற்றி இறுக்கிச் சொருக முடிந்தது. முழங்கால் மூடியிருந்ததால் யாருக்கும் கூச்சமில்லை. இதுதான் அந்தத் தெருவில் தீயாகப் பரவியது! ஒரே குறை, நாம் போடும் லெக்கின்ஸில் முக்கால்வாசிக்கு மேல் பருத்தி. தண்ணீர் குடித்துக் கனத்து, இடுப்பிலிருந்து இறங்குகிறது. நைலானில் கிடைத்தால் அது போதும், வேறெதுவும் வேண்டாம் என்கிறார்கள்.

கையுறை பரவாயில்லை. விரலில் துணி சுற்றும் நேரம் மிச்சம், வெட்டும் குறைந்தது. ஆனால் பாசியை வேரோடு பிடுங்காமல் நுனியைக் கிள்ள வேண்டும், அதற்கு விரல் உணர்வு தேவை. அதனால் ஆள்காட்டி விரலின் நுனியை மட்டும் கத்தரித்துவிட்டார். சட்டை மூன்றாவது வாரமே முழங்கைப் பக்கம் பாறையில் உரசிக் கிழிந்துபோனது. அங்கே பழைய ஜீன்ஸ் துணியில் ஒட்டுப்போட்டுத் தைத்தாகிவிட்டது. துவைப்பது ஒரு தனிக்கதை. உப்பு போக நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காய வைத்தால்தான் லைக்ரா உழைக்கும். அங்கே நல்ல தண்ணீர் குடம் காசுக்கு வருகிறது. அரிசி கழுவிய தண்ணீரில் அலசிக்கொள்கிறார்.

நம்மில் யாராவது வேலை கிடைத்து, கையில் காசு சேர்ந்து, ஸ்கூபா போகப் போகிறீர்கள் என்றால் உங்களுக்கும் இரண்டு வார்த்தை. ஒரே ஒரு முங்கு என்றால் லைக்ரா உடை போதும். ஒரு நாளில் மூன்று, நான்கு முறை என்றால் 3 மில்லிமீட்டர் முழு உடை கேளுங்கள், கடைசி முங்கில்தான் குளிர் தெரியும். ஒல்லியானவர்களுக்குச் சீக்கிரம் தெரியும். வாடகை உடையைப் போட்டுப் பார்க்கும்போது அக்குளிலும் இடுப்புக்குப் பின்னாலும் பை மாதிரி தொங்கினால் வேண்டாம், அந்த வழியாகத் தண்ணீர் வந்து போய்க்கொண்டே இருக்கும். கழுத்து மட்டும் ரொம்ப இறுக்கமாக இருக்கக் கூடாது. கழுத்து நரம்பு அமுங்கினால் தலை சுற்றும், தண்ணீருக்கு அடியில் தலை சுற்றுவது விளையாட்டல்ல. கரையில் கொஞ்சம் இறுக்கமாகத் தெரிவது பரவாயில்லை, நனைந்தால் இளகும்.

போன வாரம் தோழியின் போனில் அவள் அம்மா ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார். பின்னால் காற்றுச் சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம். இன்னும் ஆறு பேருக்குச் சட்டை வேண்டுமாம், காசு அவரவர் கொடுத்துவிடுவார்களாம். தையல் டீச்சர் யாரையாவது பார்த்து நைலான் துணி மீட்டர் என்ன விலை என்று கேட்டுச் சொல்லச் சொன்னார். ஆறு பேரின் மார்பளவு, கை நீளம் எல்லாவற்றையும் ஜாண் கணக்கில் சொல்லியிருந்தார். என் மெஷின் டிராயிங் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அதை அங்குலமாக மாற்றி எழுதி வைத்திருக்கிறேன். கடைசியில் இரண்டு திருத்தம்: முழங்கைக்கு இரட்டைத் துணி, காலர் பிடரி முழுக்க மறையும்படி இன்னும் நாலு விரல் உசரம்.